தொடுமிடத்தில் பழுது

"சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்." இருபது வயதைத் தொடும் கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன தீர்ப்பு இது. மாற்றுகிறார்கள். வண்டியும் உடனே சரியாகிவிடுகிறது. ஆறேழு மாதம் கழித்து அதே கோளாறு, அதே இடத்தில். புதுச் சென்சாரும் அதற்குள் கெட்டுப்போனதா? பல நேரங்களில் பழைய சென்சாரே கெட்டிருக்காது. அதைக் கழற்றும்போதும் புதியதைச் செருகும்போதும் ஒயரையும் சென்சாரையும் இணைக்கும் கப்ளருக்குள் இருக்கும் பின்கள் உரசிக்கொண்டன. அந்த உரசலில் கோளாறு தீர்ந்தது. நல்ல பாகம் குப்பைக்குப் போனது, நல்ல பெயர் புதிய பாகத்துக்குப் போனது.

அந்த உரசலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், பழைய வண்டியின் மின் கோளாறுகளில் பெரும்பகுதியை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். தேவைப்படுவது சில நூறு ரூபாய்க்குச் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை, கூடவே பள்ளிக்கூடத்தில் படித்து மறந்துபோன ஓம் விதி.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, கார்களில் கார்புரேட்டர் விடைபெற்று, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறை வந்தது. கூடவே ஈசிஎம் என்ற சின்னக் கணினியும் அதற்குச் சேதி சொல்லும் சென்சார்களும் வந்தன. அந்தத் தலைமுறை வண்டிகள் இன்னும் நம் தெருக்களில் ஓடுகின்றன. ஈசிஎம் பெட்டியைக் கண்டால் உரிமையாளர்களுக்கு ஒரு பயம். ஆனால் அதற்குள் இருக்கும் சிலிக்கான் சில்லு தேய்வதில்லை, துருப்பிடிப்பதும் இல்லை; மற்ற உறுப்புகளைவிட நெடுங்காலம் உழைக்கும். முதலில் மூப்பு வருவது இரண்டு உலோகங்கள் சந்திக்கும் இடங்களுக்குத்தான். கப்ளரின் பின், பேட்டரி டெர்மினல், பாடியில் முடுக்கிய எர்த் போல்ட், ரிலேக்குள் வைத்த சால்டரிங். சந்தேகத்தை இந்த இடங்களிலிருந்து தொடங்குவதே நியாயம்.

மீட்டரை வாங்கிய கையோடு ஒரு சோதனை செய்து பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி ஒன்று, இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்று, 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து வரும் ஒயரின் நடுவே ரெசிஸ்டரைச் சேர்த்துவிட்டு, ஒயரின் மறுமுனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஒயர் நன்றாக இருக்கிறது என்று யாரும் சத்தியம் செய்வார்கள். இப்போது அந்த முனையில் பல்பை இணையுங்கள். பல்பில் துளி வெளிச்சம் வராது. பல்பு இணைந்திருக்கும்போதே மீட்டரை மறுபடி வையுங்கள். வோல்டேஜ் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு விழுந்திருக்கும்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. வோல்டேஜ் அளக்கும் நிலையில் ஒரு டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 லட்சம் ஓமிலிருந்து 1 கோடி ஓம் வரை இருக்கும். 1 கோடி ஓம் என்றால் அது இழுக்கும் மின்னோட்டம் ஒரு ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு சொச்சம். அவ்வளவு சின்ன ஓட்டத்துக்கு 1,000 ஓம் தடை ஒரு பொருட்டே அல்ல. பல்புக்கோ ஏறக்குறைய 2 ஆம்பியர் வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் பாசி அடைத்திருந்தாலும், கீழே திருகை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். திருகைத் திறந்தால்தான் சொட்டுச் சொட்டாக வருவது தெரியும். மின்சுற்றிலும் அப்படியே: வேலை வாங்கும்போது அளந்தால்தான் அடைப்பு தெரியும்.

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் கையில் மீட்டர் இல்லாமல் ஒரு டெஸ்ட் லேம்ப்போடு கிளம்பிவிடுவது இதனால்தான். அந்தப் பல்பு மின்னோட்டத்தை இழுத்துப் பார்க்கிறது. அடைப்பு இருந்தால் மங்குகிறது. முகப்பு விளக்கு, ஹாரன், வைப்பர் மோட்டார் போன்றவற்றுக்கு டெஸ்ட் லேம்ப் அருமையான கருவி. ஈசிஎம்முக்குப் போகும் மெல்லிய ஒயர்களில் மட்டும் அதை வைக்கக் கூடாது. அந்தப் பல்பு இழுக்கும் ஓட்டத்தைத் தாங்கும்படி ஈசிஎம்மின் உள்சுற்றுகள் அமைக்கப்பட்டதில்லை. அங்கே மீட்டர்தான்.

இனி கப்ளருக்குள் போவோம். இரண்டு உலோகப் பரப்புகளைச் சேர்த்து அழுத்தினால் அவை முழுப் பரப்பிலும் தொட்டுக்கொள்கின்றன என்று நினைக்கிறோம். ஸ்வீடனில் பிறந்த இயற்பியலாளர் ராக்னர் ஹோம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த விஷயத்தைத் துருவித் துருவி ஆராய்ந்தார். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகமும் நுண்ணளவில் மேடும் பள்ளமுமாகவே இருக்கிறது; இரு பக்கத்து மேடுகளின் உச்சிகள் மட்டும் ஆங்காங்கே சந்திக்கின்றன; மின்சாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாகத்தான் நெருக்கியடித்துக்கொண்டு கடக்கிறது. உண்மையில் தொடும் பரப்பு, தொடுவதாக நமக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறு பகுதி. மின் தொடுப்புகளை ஆராய்பவர்கள் கூடும் மாநாடு இன்றும் ஹோம் பெயரில் நடக்கிறது.

கார் கப்ளர்களின் பின்களுக்குப் பெரும்பாலும் வெள்ளீய முலாம் பூசியிருப்பார்கள். வெள்ளீயம் மென்மையானது, அதன்மேல் காற்றுபட்டு உருவாகும் ஆக்சைடு படலம் மெல்லியது, கடினமானது, மின்சாரத்தை எளிதில் விடாதது. முதல் முறை செருகும்போது அந்தப் படலம் நொறுங்கி, அடியில் உள்ள புது உலோகம் ஒன்றையொன்று தொடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. எஞ்சின் அதிர்கிறது. வெயிலில் பிளாஸ்டிக் உறை விரிகிறது, இரவில் சுருங்குகிறது. பின்கள் முன்னும் பின்னும் அசைகின்றன. அசைவு ஒரு தலைமுடியின் பருமன்கூட இருக்காது. ஆனால் ஒவ்வோர் அசைவிலும் கொஞ்சம் புது உலோகம் காற்றுக்கு வெளிப்பட்டு ஆக்சைடாகிறது; அது நொறுங்கித் தூளாகிறது; தூள் வெளியேற வழியில்லாமல் தொடுமிடத்திலேயே சேர்கிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அங்கே ஒரு கறுப்புப் புள்ளி மிஞ்சும். கப்ளரைக் கழற்றி, செல்போன் கேமராவைப் பெரிதாக்கி பின்னைப் பாருங்கள். வெள்ளிபோல மின்னும் பின்னில் ஒரே இடத்தில் மட்டும் அந்தக் கருமை தெரியும்.

முகப்பு விளக்குக்குப் போகும் 5 ஆம்பியர் ஓட்டம் இத்தகைய படலத்தைப் பெரும்பாலும் குத்தித் துளைத்துக்கொண்டு போய்விடும். சென்சார் ஒயரில் ஓடுவது சில மில்லிஆம்பியர், சிலவற்றில் அதைவிடக் குறைவு. புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அனுப்பும் சேதியே 0.1 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட் வரைதான். அந்தப் பலவீனமான சேதிக்குப் படலத்தை உடைக்கும் தெம்பு கிடையாது. ஒரே வயது, ஒரே வெயில், ஒரே மழை பட்டும், விளக்குகள் எரிந்துகொண்டிருக்கையில் சென்சார்கள் மட்டும் "போய்விடுவது" இப்படித்தான். உயிர் காக்கும் ஏர்பேக் இணைப்புகளில் பின்னுக்குத் தங்க முலாம் பூசுகிறார்கள், தங்கம் ஆக்சைடாவதில்லை.

ஆகவே முதல் வைத்தியம் செலவில்லாதது. சாவியை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சந்தேகப்படும் கப்ளரைக் கழற்றி நாலைந்து முறை மாட்டிக் கழற்றுங்கள். கான்டாக்ட் கிளீனர் இருந்தால் தெளியுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். முலாம் போய்விட்டால் அடியில் உள்ள பித்தளை இன்னும் வேகமாகக் கறுக்கும். வண்டி சரியானால் சென்சார் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்து, அந்தக் கப்ளரின் பின்கள் தளர்ந்திருக்கின்றனவா, ரப்பர் சீல் இருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களிலும், வெள்ளத்தில் நின்று மீண்ட வண்டிகளிலும் இது இரட்டிப்பு முக்கியம். செம்பு ஒயருக்குள் நீர் நுழைந்தால், இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய சந்துகளில் ஏறி உறைக்குள்ளேயே வெகுதூரம் போய்விடும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பலவற்றுக்குத் தண்ணீர் வடிந்து மாதங்கள் கழித்துக் கோளாறு வந்தது. வெளியே பளபளப்பாக இருக்கும் ஒயரின் உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பொடி.

பெரிய மின்னோட்டம் ஓடும் இடத்தில் கணக்கு வேறு மாதிரி. செல்ஃப் எடுக்கும்போது ஒரு சின்னக் காரிலும் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். வழியில் எங்காவது 0.01 ஓம் தடை இருந்தால் போதும், ஓம் விதிப்படி 1 வோல்ட் அங்கேயே தொலையும். நூறு வாட் வெப்பமாகும். இந்த 0.01 ஓமை மல்டிமீட்டரின் ஓம் நிலையில் அளக்கவே முடியாது. மீட்டரின் ஒயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. ஆனால் செல்ஃப் ஓடும்போது தொலையும் 1 வோல்ட்டை அதே மலிவு மீட்டர் துல்லியமாகக் காட்டும். நூறு ஆம்பியரைச் சோதனைக் கருவியாக மாற்றிக்கொள்ளும் இந்த முறைக்குப் பட்டறைகளில் வோல்டேஜ் டிராப் பார்ப்பது என்று பெயர். எனக்குத் தெரிந்து வண்டி மின்வேலையில் இதைவிட அழகான சோதனை இல்லை.

கியர் நியூட்ரலில் இருக்கட்டும். எஞ்சின் பிடித்துக்கொள்ளாமல் இருக்கப் பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசி நிலையில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தண்டின் மேல் வையுங்கள். மறுமுனையை அந்தத் தண்டைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பின் மேல் வையுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடம். இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே நின்றால் தொடுப்பு சுத்தம். 0.8 வோல்ட் என்று குதித்தால், தண்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத படலம் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரி மாற்ற வேண்டியதில்லை. வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றிக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் முடிந்தது.

அதேபோல நெகட்டிவ் தண்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அளக்கலாம். செல்ஃப் ஓடும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மின்சாரம் போவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். திரும்பி வருவதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. காரில் திரும்பும் பாதை இரும்பு உடம்புதான். எஞ்சின் ரப்பர் மவுன்ட்களின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் நடுவே ஒரு பின்னல் பட்டை அல்லது தடித்த ஒயர் இருக்கும். அது துருப்பிடித்து அறுந்தால் நூறு ஆம்பியர் வேறு வழி தேடும். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று உலோகமாக எது கிடைத்தாலும் அதன் வழியே திரும்பும். கேபிள் சூடேறும், உள் உறை உருகும், கிளட்ச் இறுகிப்போகும். கேபிளை மாற்றுவார்கள், புதியதும் அதே மாதிரி போகும். கிளட்சுக்கும் எர்த் பட்டைக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? மீட்டருக்குத் தோன்றும்.

இண்டிகேட்டர் போட்டால் பின்பக்க சிவப்பு விளக்கும் சேர்ந்து மினுக்குகிறதா? அதுவும் எர்த் கதைதான். பின்விளக்குக் கூட்டுக்கு எர்த் அறுந்திருக்கிறது; இண்டிகேட்டர் பல்பின் மின்னோட்டம் பக்கத்து பல்பின் இழை வழியாகத் திரும்பிப் போகிறது. முகப்பு விளக்கு மங்கல் என்று அதிக வாட் பல்பு வாங்குபவர்களும் முதலில் எர்த்தைப் பார்க்க வேண்டும். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜின் ஏறக்குறைய 3.4-ஆவது அடுக்கில் மாறுகிறது. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் முப்பது சதவீதம் போய்விடும். பல்பின் இரு முனைகளிலும், அது எரிந்துகொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள். தொலைந்த வோல்டேஜ் ஒயரிலும் துருவிலும் இருக்கிறது. அதிக வாட் பல்பு போட்டால் அந்த ஒயர்தான் இன்னும் சூடாகும்.

இன்னொரு வகைக் கோளாறு உண்டு. மதிய வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய வண்டி ஸ்டார்ட் ஆகாது. செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. சாயங்காலம் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். மெக்கானிக் வரும்போது கோளாறு இருக்காது. 1980, 90-களின் ஹோண்டா அக்கார்டு, சிவிக் கார்களில் இது உலகம் முழுக்கப் பேசப்பட்ட நோய். டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலே என்ற சிறு பெட்டிதான் ஈசிஎம்முக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் தருவது. சாவியை ஆன் செய்ததும் டக் என்று ஒரு சத்தம், பின் சீட் பக்கத்திலிருந்து இரண்டு நொடி பம்ப்பின் ரீங்காரம். காது கொடுத்துக் கேட்டாலே போதும். ரீங்காரம் வராவிட்டால் பாதி விடை கிடைத்துவிட்டது. பெட்டியைத் திறந்து பலகையின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால், தடித்த பின்களைச் சுற்றி சால்டரில் மோதிரம்போல ஒரு மெல்லிய விரிசல்.

அந்த விரிசல் எப்படி வந்தது என்பதில் ஓர் அற்புதமான இயற்பியல் இருக்கிறது. வெள்ளீயமும் ஈயமும் கலந்த வழக்கமான சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். தனிப்பூஜ்யத்திலிருந்து கணக்கிட்டால் அது 456 கெல்வின். நாம் உட்கார்ந்திருக்கும் அறையின் வெப்பநிலை ஏறக்குறைய 300 கெல்வின். அதாவது, சாதாரண அறையிலேயே சால்டர் தன் உருகுநிலையில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இருக்கிறது. இரும்பை அந்த விகிதத்துக்குச் சூடாக்கினால் 900 டிகிரியைத் தாண்டிச் செக்கச்செவேலென ஒளிரும். கொல்லன் உலையில் அந்த நிலையில்தான் இரும்பு அடித்த பக்கம் வளைகிறது. வெயிலில் மூடிய காரின் டாஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும்போது, அதே விகிதத்தில் இரும்புக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல். நம் கைக்குக் கெட்டியாகத் தெரியும் சால்டர், அணுக்களின் அளவில் எப்போதும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும் பொருள். அதில் நிற்கும் பித்தளைப் பின் ஓர் அளவு விரிகிறது, பலகை வேறோர் அளவு விரிகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட சால்டர் தினமும் இழுபடுகிறது, தினமும் தளர்கிறது. பத்து வருடம், ஆயிரக்கணக்கான வெயில்கள். ஒருநாள் வளையமாகக் கிழிகிறது. குளிர்ந்திருக்கும்போது கிழிசலின் இரு கரைகளும் தொட்டுக்கொள்கின்றன, சூட்டில் விலகுகின்றன.

வைத்தியமும் அதே குணத்தில் இருக்கிறது. சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஃப்ளக்ஸ், கொஞ்சம் புது ஈயம். பழைய சால்டரை உருக்கிப் புதியதோடு கலந்துவிட்டால் விரிசல் மறைந்து ரிலே இன்னும் பல ஆண்டு உழைக்கும். வைப்பர் டைமர், மீட்டர் கன்சோல், பவர் விண்டோ சுவிட்ச் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வெயிலில் மட்டும் வரும் கோளாறை வெயிலுக்காகக் காத்திருக்காமல் வரவழைக்கலாம்: சந்தேகப்படும் பெட்டியின் மேல் ஹேர் டிரையரைச் சில நிமிடம் காட்டுங்கள். எஞ்சின் சுழல்வதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரையும் இப்படிப் பிடிக்கலாம். அதன் பல வகைகளில் உள்ளே முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கும். பல் சக்கரம் அருகே ஓடும்போது அதில் மின் துடிப்பு பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த விதிதான். கம்பியில் உள் முறிவு இருந்தால் சூட்டில் மட்டும் விலகும். கழற்றிய சென்சாரை மீட்டரில் ஓம் நிலையில் மாட்டிச் சூடாக்குங்கள். சில நூறு ஓம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென எல்லையற்றதாகக் குதித்தால் குற்றவாளி அதுதான். அப்போது புதியது வாங்கலாம், மனநிறைவோடு.

ஈசிஎம் பெட்டிக்குள் உண்மையாகவே மூப்படையும் உறுப்பு ஒன்று இருக்கிறது: எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். சின்ன அலுமினிய உருளை. உள்ளே சுருட்டிய அலுமினியத் தாளும் அதை நனைத்த திரவமும். மின்காப்பாக நிற்பது தாளின்மேல் வளர்த்த ஆக்சைடு படலம். ஒரு வோல்ட்டுக்கு 1.4 நானோமீட்டர் என்ற அளவில்தான் அதன் தடிமன். திரவம் வற்றினால் உறுப்பு செத்தது. அது இருக்கும் இடத்தின் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. 1990-களின் தொடக்கத்தில் வந்த மிட்சுபிஷி எக்லிப்ஸ், கேலன்ட் கார்களின் ஈசிஎம்களில் இந்தத் திரவம் கசிந்து, பலகையின் செம்புத் தடங்களையே அரித்துவிட்டது. மூடியைத் திறந்ததும் மீன் வாடை வந்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ஆரம்பத்திலேயே பிடித்தால், அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் வகை வாங்கி, துருவம் மாறாமல் பொருத்தி, கசிந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டால் பெட்டி பிழைக்கும். சால்டரிங்கில் கை பழகாதவர்கள் டிவி பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கலாம். அவருக்கு இது அன்றாட வேலை.

எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சாரைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். தொடுமிடத்துப் பழுது கணினியையே எப்படி ஏமாற்றுகிறது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. இது சூடேறத் தடை குறையும் ஒரு மட்பாண்ட வகைப் பொருள். ஜப்பானிய வகைக் கார்கள் பலவற்றில் 20 டிகிரியில் ஏறக்குறைய 2,500 ஓம், 80 டிகிரியில் ஏறக்குறைய 300 ஓம். சோதிப்பது சமையலறை வேலை: ஒரு பாத்திரத்தில் தண்ணீர், ஒரு வெப்பமானி, மீட்டர். தண்ணீர் சூடாகச் சூடாகத் தடை தடுமாற்றமின்றி இறங்கினால் சென்சார் நலம்.

இப்போது கப்ளரில் கறுப்புப் புள்ளியால் 500 ஓம் தடை சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 80 டிகிரியில் இருக்கிறது. சென்சார் 300 ஓம் என்று சரியாகவே சொல்கிறது. ஈசிஎம் காதில் 800 ஓம் என்று விழுகிறது. அதன் கணக்கில் எஞ்சின் 50 டிகிரி வாக்கில்தான் இருக்கிறது, இன்னும் முழுதாகச் சூடாகவில்லை. பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது. மைலேஜ் சரிகிறது, பிளக் கறுக்கிறது. ரேடியேட்டர் விசிறியை ஈசிஎம்மே இயக்கும் வண்டிகளில் விசிறியும் தாமதமாக ஓடுகிறது. 50 டிகிரி நம்பக்கூடிய அளவு என்பதால் எச்சரிக்கை விளக்கும் எரியாது. ஒயர் முழுதாக அறுந்திருந்தால் ஈசிஎம் உறைபனிக் குளிர் என்று எண்ணித் திடுக்கிட்டு விளக்கைப் போட்டிருக்கும். அரைகுறைப் பழுதுதான் வெகுகாலம் ஒளிந்திருக்கிறது.

எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் அதன் மொழியைச் சரியாகப் படிக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1980-களின் தொடக்கத்தில் செய்த கார்களில், ஒரு கப்ளரில் இரண்டு பின்களைக் கம்பியால் இணைத்தால் செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டிக் கோளாறு எண்ணைச் சொல்லும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் பொதுவான 16 பின் கப்ளரும் பொது எண்களும் கட்டாயமாயின. இன்று மெக்கானிக் ஸ்கேனர் என்று கையில் எடுத்து வருவது அந்த வழியில் வந்ததுதான். ஸ்கேனர் காட்டும் எண், "இந்தச் சுற்றிலிருந்து வரும் சேதி சரியில்லை" என்று மட்டும் சொல்கிறது. சுற்று என்றால் சென்சார், கப்ளர், ஒயர், எர்த், ஈசிஎம் அத்தனையும். எண்ணைப் பார்த்தவுடன் சென்சார் வாங்க ஓடுவது, சந்தேகப் பட்டியலில் முதல் பெயரைப் பார்த்து ஆளைச் சிறையில் போடுவதற்குச் சமம்.

இரவில் நிறுத்திய வண்டியின் பேட்டரி இறங்கிவிடுகிறதா? கடிகாரமும் ஈசிஎம்மும் தூக்கத்தில் இழுப்பது 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி அந்த அளவில் நாலு வாரம் தாங்கும். டிக்கி விளக்கு அணையாமல் அரை ஆம்பியர் இழுத்தால் மூன்று நாள். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட் நிலையில் வையுங்கள். மின்னோட்டம் ஓடும் ஃபியூஸில் மட்டும் துளி வோல்டேஜ் தெரியும். எதையும் கழற்றாமலே திருடன் எந்த வழியில் இருக்கிறான் என்று தெரிந்துவிடும்.

சில இடங்களில் கை வைக்கக் கூடாது. மஞ்சள் நிறக் கப்ளர் ஏர்பேக்குடையது. மீட்டரின் சின்ன மின்னோட்டம்கூட அதை வெடிக்க வைக்கலாம் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். இக்னிஷன் காயிலின் வெளியீடு பல்லாயிரம் வோல்ட். பழைய பைக்குகளின் சி.டி.ஐ. என்ற இக்னிஷன் பெட்டிக்குள்ளேயே இருநூறு வோல்ட்டுக்கு மேல். பேட்டரியில் முதலில் கழற்ற வேண்டியது நெகட்டிவ். ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அங்கே தீப்பொறி வராது. விரலில் மோதிரம் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பெட்ரோல் வாடை இருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். பாடியில் வெல்டிங் செய்யும்முன் பேட்டரியையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றச் சொல்லுங்கள்.

இனி எந்தப் பட்டறையில் எந்த மின் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள். வீட்டில் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். நன்றாக இருந்தால் ஒரு டப்பாவில் போட்டு, எந்த வண்டியுடையது, எந்தத் தேதியில் கழற்றியது என்று எழுதி வையுங்கள். உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்கு அசல் பாகம் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருகிறது. புதிதாகக் கிடைக்கும் மலிவு நகலைவிட அந்தப் பழையது நம்பகமானது.